வெட்டிய மரத்தின் அடிக்கட்டை



வீட்டு முற்றத்தில் நிற்கும் மரம் ஒன்றை வெட்ட வேண்டிய நிலை நம்மில் பலருக்கு ஏதாவது ஒரு நாள் வந்துவிடுகிறது. மரம் பட்டுப் போயிருக்கலாம். கிளை கூரைமேல் சாய்ந்திருக்கலாம். வேர் கால்வாயைப் பிளந்திருக்கலாம். அல்லது சமையலறையைச் சற்றுப் பின்னால் நீட்டிக் கட்ட இடம் தேவைப்படலாம். ஆள் வருகிறார், இயந்திர வாள் உறுமுகிறது, அரை நாளில் மரம் கீழே விழுகிறது. லாரி வந்து கிளைகளையும் தண்டையும் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. வேலை முடிந்தது என்று நாம் பெருமூச்சு விடுகிறோம். ஆனால் தரையோடு தரையாக ஒன்று மிஞ்சி நிற்கிறது. அதுதான் அடிக்கட்டை. நம் பெரியவர்கள் அதைத் தூர் என்பார்கள். இந்தத் தூரை என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் இன்று நாம் பேசவிருக்கிறோம்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுவோம். அவர்கள் குடியிருப்பது வரிசை வீடுகளின் கோடியில் உள்ள முனை வீடு. வீட்டின் பின்புறம் ஒரு மாமரம் நின்றது. சமையலறையை நீட்டிக் கட்ட எண்ணிய வீட்டுக்காரர் மரத்தை வெட்டச் செய்தார். அடிக்கட்டையையும் எடுக்கத் தனியாகப் பணம் கேட்டார்கள். "மண்ணுக்கு அடியில் கிடப்பதற்கு எதற்குப் பணம்?" என்று எண்ணிய அவர், தரை மட்டத்தோடு அறுக்கச் சொல்லி, அதன்மேல் மண்ணும் கல்லும் கொட்டிச் சிமெண்டு போட்டு, ஓடும் பதித்துவிட்டார். மூன்று ஆண்டுகள் சென்றன. ஒருநாள் சமையலறைத் தரையில் ஒரு மூலை உள்வாங்கியது. ஓடுகள் விரிந்தன. அந்த விரிசலை ஒட்டி நின்ற மர அலமாரியைத் திறந்தால், உள்ளே மண் கோடுகள் ஏறியிருந்தன. கரையான்!

அப்போது ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய மாமனார், ரப்பர்த் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர், தரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "மாப்பிள்ளை, நீங்க மரத்தைத்தான் வெட்டினீங்க, தூரை வெட்டலையே. தோட்டத்துல மறுநடவு செய்யறப்ப நாங்க முதல்ல தூரைத்தான் பார்ப்போம்."

பெரியவர் சொன்னதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை நாம் சற்று எண்ணிப் பார்ப்போம்.

மரம் வெட்டப்பட்டதும் அடிக்கட்டை உடனே செத்த பொருளாகிவிடுவதில்லை. வேர்களில் சேமித்து வைத்த உணவு இன்னும் இருக்கிறது. அங்சானா, ஆல், அரசு போன்ற மரங்கள் அந்த உணவைக் கொண்டே மீண்டும் மீண்டும் துளிர்க்கும். அப்படித் துளிர்க்காத மரமானால், அது மக்கத் தொடங்குகிறது. நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் அந்த வேலையை விரைவுபடுத்துகின்றன. கட்டை மக்கினால் சுருங்குகிறது. வேர் மக்கினால் அது இருந்த இடம் பொந்தாகிறது. மேலே உள்ள மண் அந்தப் பொந்துக்குள் இறங்குகிறது. மண்ணை நம்பி மேலே போட்ட சிமெண்டுத் தரையும் அதனோடு இறங்குகிறது. முனை வீட்டில் ஓடு விரிந்ததற்குக் காரணம் இதுவே. கட்டடம் எழும்பப் போகும் இடத்தில் அடிக்கட்டையை மூடி மறைப்பது, கடனை ஏட்டில் எழுதாமல் விடுவதற்கு ஒப்பாகும். எழுதாவிட்டாலும் கடன் கடன்தான்.

மக்கும் கட்டை ஓர் உணவுக் களஞ்சியம். அதை நாடி வருபவர்கள் பலர். அவர்களுள் முதலில் வருவது காளான் இனம். ரப்பர்த் தோட்டங்களில் வெள்ளை வேர் நோய் என்று ஒன்று உண்டு. நம்மில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இதை அறிவார்கள். அதை உண்டாக்கும் காளானுக்கு ரிஜிடோபோரஸ் என்பது அறிவியல் பெயர். பழைய மரத்தின் தூரும் வேரும் மண்ணுக்குள் கிடக்க, அவற்றைத் தின்று இந்தக் காளான் உயிர் வாழ்கிறது. பிறகு வெள்ளை நூல்போல வேர்களின் மேல் படர்ந்து சென்று, பக்கத்தில் புதிதாக நட்ட இளமரத்தின் வேரைப் பற்றிக்கொள்கிறது. இளமரத்தின் இலை மஞ்சளாகி வாடும்போதுதான் மேலே உள்ள நமக்கு நோய் தெரிகிறது. அதற்குள் கீழே காரியம் முடிந்துபோயிருக்கும்.

1925ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், பின்னர் 1998இல் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைக்கப்பட்டது. அக்கழகத்தின் அறிஞர்கள் கவலையோடு ஆராய்ந்த நோய்களுள் இதுவும் ஒன்று. மரத்தின் அடியில் மண்ணை விலக்கி, வெள்ளை நூல் படர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு மரமாகப் பார்த்துச் சென்றவர்கள் நம் தோட்டத் தொழிலாளர்கள். நோய்கண்ட வேரை வெட்டி எடுப்பதும், இளங்கன்றைச் சுற்றிக் கந்தகத் தூள் இடுவதும் அவர்கள் கைவேலையாக இருந்தன. செம்பனைத் தோட்டத்திலும் இதே கதைதான். அங்கே கனோடெர்மா என்னும் காளான் பனையின் அடித்தண்டை அழுகச் செய்கிறது. நோய்கண்ட பழைய தூரிலிருந்து வேர்வழியாகப் புதிய கன்றுக்குப் பரவுகிறது. ஆகவேதான் மறுநடவின்போது பழைய தூரைத் தோண்டி எடுத்துத் துண்டு துண்டாக்குகிறார்கள்.

"நாம் இருப்பது நகரத்தில், நமக்கு இது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். இன்று வீடமைப்புப் பகுதிகளாக விளங்கும் எத்தனையோ இடங்கள் முன்னாளில் ரப்பர்க் காடாகவும் செம்பனைத் தோட்டமாகவும் இருந்தவை. மேலும், வெள்ளை வேர் நோய்க் காளான் ரப்பரை மட்டும் தாக்குவதில்லை. மரவள்ளி, கொக்கோ, பலா முதலியவற்றையும் தாக்கும். கனோடெர்மா தென்னையையும் விடாது. ஒரு மரம் நோயினால் பட்டுப் போயிருந்தால், அதன் தூர் கிடக்கும் இடத்திலேயே அடுத்த கன்றை நடுவது, நோயாளி படுத்த பாயில் குழந்தையைப் படுக்கவைப்பது போன்றது.

அடுத்து வருவது கரையான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீடுகளுக்குப் பெருங்கேடு செய்வது காப்டோடெர்மெஸ் என்னும் இனத்தைச் சேர்ந்த நிலத்தடிக் கரையான். அதற்கு வேண்டியவை இரண்டு: மரமும் ஈரமும். மண்ணில் புதைந்த அடிக்கட்டை இரண்டையும் ஒருங்கே தருகிறது. சுவரை ஒட்டிய கட்டையாக இருந்தால், அங்கிருந்து சுவரின் விரிசல் வழியே கதவுச் சட்டத்துக்கும் கூரைக்கும் போவது அதற்கு ஒரு பெரிய தொலைவன்று. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கட்டையை எடுத்துவிட்டால் கரையான் ஒழிந்தது என்று பொருளன்று. புற்று வேறிடத்தில் இருக்கக்கூடும். கட்டையைத் தோண்டும்போது கரையான் தென்பட்டால், பூச்சி ஒழிப்பாளரை அழைத்து வீட்டையும் சோதிக்கச் செய்தல் வேண்டும்.

தென்னையின் தூரில் இன்னொரு விருந்தாளி உண்டு. அதுவே காண்டாமிருக வண்டு. மக்கிப்போன தென்னந்தண்டிலும் தூரிலும் இது முட்டையிடுகிறது. அதன் கொழுத்த வெள்ளைப் புழுக்கள் அங்கேயே வளர்கின்றன. வளர்ந்த வண்டு பறந்து சென்று உயிருள்ள தென்னையின் குருத்தைத் துளைக்கிறது. ரப்பர்ப் பயிரை இந்நாட்டில் பரப்பப் பாடுபட்டவர் என நாம் அறிந்த ரிட்லி, சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராக இருந்தபோது, வண்டுகள் தென்னையை அழிப்பது குறித்து 1889ஆம் ஆண்டிலேயே ஓர் அறிக்கை எழுதினார். அதாவது, இந்தத் தொல்லை நூறாண்டுக்கும் மேற்பட்ட பழைய தொல்லை. நம் வீட்டில் கிடக்கும் தூர் அண்டை வீட்டுத் தென்னைக்கு எமனாகக்கூடும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கடைசியாகச் சொன்னாலும் முதன்மையானது கொசு. அடிக்கட்டையின் நடுப்பகுதி விரைவில் உளுத்துக் குழியாகிறது. மழை பெய்தால் அதில் நீர் தேங்குகிறது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்களுள் ஒரு வகை, மரப்பொந்துகளிலும் மூங்கில் குத்துகளிலும் தேங்கும் இத்தகைய நீரையே இயற்கையாக நாடுகிறது. முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். பூச்சாடியைக் கவிழ்த்து வைக்கும் நாம், வேலியோரத்துக் கட்டையை நினைப்பதில்லை. மலேசியாவில் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வீட்டு மனையில் கொசு வளரவிட்டால் வீட்டுக்காரர்தான் பொறுப்பு. கட்டையை உடனே எடுக்க வசதியில்லாதவர்கள், அக்குழியில் நீர் நிற்காதபடி மண்ணையோ மணலையோ இட்டு நிரப்பிவிட வேண்டும். இதற்குக் காசு செலவில்லை. இன்று மாலையே செய்யலாம்.

இவ்வளவும் கேட்டபின், எல்லாக் கட்டைகளையும் உடனே பெயர்த்தெறிய வேண்டும் என்று நேயர்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. விட்டுவைக்க வேண்டிய கட்டையும் உண்டு. உங்கள் வீடு சரிவான நிலத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரிவில் நிற்கும் மரத்தின் வேர், மண்ணைப் பின்னிப் பிடித்திருக்கிறது. மண்வாரி இயந்திரத்தைக் கொண்டு அதைப் பிடுங்கினால், பிடுங்கிய இடத்தில் மழைநீர் இறங்கி மண்ணையே சரித்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் கட்டையை அப்படியே விட்டு, சுற்றிலும் ஆழமாக வேர்விடும் செடிகளை உடனே நட வேண்டும். ஏனெனில் பழைய வேர் சில ஆண்டுகளில் மக்கி வலிமை இழந்துவிடும். அதற்குள் புதிய வேர் அந்த வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். தடுப்புச் சுவரை ஒட்டிய மரமென்றால் பொறியாளர் ஒருவரைக் கேளாமல் கை வைக்கவே கூடாது. அதுபோல, வீட்டிலிருந்து தள்ளித் தோட்டத்தின் நடுவே நிற்கும் நோயற்ற கட்டையை விட்டுவைத்தாலும் பெரிய தீங்கில்லை. நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆகவே, முதல் கேள்வி 'எப்படி எடுப்பது' என்பதன்று. 'எடுக்க வேண்டுமா' என்பதுதான். இந்தக் கேள்விக்கு விடை மரம் நிற்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். இன்றைய பேச்சில் நாம் வலியுறுத்த விரும்புவது இந்த ஒன்றையே. மரத்தை வெட்டும் முன்பே அடிக்கட்டையைப் பற்றி முடிவு செய்துவிடுங்கள். அதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதற் காரணம் சட்டம். தீபகற்ப மலேசியாவில் 1976ஆம் ஆண்டு நகர், ஊர்ப்புறத் திட்டமிடல் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட மரப் பாதுகாப்புப் பகுதியின்படி, 0.8 மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவுள்ள மரத்தை ஊராட்சியின் எழுத்துமூல அனுமதியின்றி வெட்டலாகாது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும். 0.8 மீட்டர் சுற்றளவு என்றால் குறுக்களவு ஏறத்தாழ 25 செண்டிமீட்டர்தான். அப்படியொன்றும் பெரிய மரமன்று. பட்டுப்போன மரத்துக்கும், உடனடி ஆபத்தைத் தவிர்க்க வெட்டும் மரத்துக்கும் விலக்கு உண்டு. கோலாலம்பூரில் இருப்பவர்கள் மாநகர் மன்றத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் மரப் பாதுகாப்பு வட்டாரங்களிலும் காலி நிலங்களிலும் 1 மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவுள்ள மரங்களுக்கு அனுமதி தேவை. வேலிக்கு வெளியே சாலையோரத்தில் நிற்பது நம் மரமன்று. அதில் நாம் கை வைக்கக் கூடாது. வெட்டிய பின்பு கட்டையை வைத்தே சுற்றளவைக் கணக்கிட்டுவிட முடியும் என்பதையும் நினைவில் வைத்தல் நலம்.

இரண்டாவது காரணம் மண்ணுக்கடியில் ஓடும் குழாய்கள். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், சில இடங்களில் மின்கம்பி, தொலைபேசிக் கம்பி ஆகிய இவை எங்கே போகின்றன என்பது தெரியாமல் மண்ணைக் கிளறக் கூடாது. வீட்டின் வரைபடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கழிவுநீர்த் தொட்டியின் மூடிகள் இரண்டை நேர்கோட்டில் இணைத்துப் பார்த்தால், குழாய் போகும் வழி ஓரளவு புலப்படும். ஈரத்தை நாடும் வேர், குழாயைச் சுற்றிக்கொண்டிருப்பது அரிதன்று. அந்த வேரை இழுத்தால் குழாயும் சேர்ந்து வரும்.

மூன்றாவது காரணம் கட்டையின் உயரம். இதைத்தான் பலர் அறிவதில்லை. கட்டையைக் கையாலோ சங்கிலி கட்டியோ பிடுங்கப் போகிறோம் என்றால், மூன்று நான்கடித் தண்டை விட்டுவைத்து வெட்டச் சொல்ல வேண்டும். அந்தத் தண்டுதான் நெம்புகோலாக நின்று வேரைக் கிளப்ப உதவும். இயந்திரத்தால் அரைக்கப் போகிறோம் என்றால், தரையோடு ஒட்ட அறுக்கச் சொல்ல வேண்டும். தரையோடு அறுத்துவிட்டுப் பிறகு பிடுங்க நினைத்தால் பிடி கிடைக்காது. உயரமாக விட்டுவிட்டுப் பிறகு அரைக்க நினைத்தால், மீண்டும் வாளுக்கு ஆள் அழைத்துப் பணம் கொடுக்க வேண்டும்.

இனி, எடுக்கும் வழிகளைக் காண்போம்.

சிறிய கட்டையானால் கைவேலையே போதும். கட்டையைச் சுற்றி ஒன்றரை அடி தள்ளி மண்வெட்டியால் பள்ளம் எடுத்து, பக்க வேர்களைக் கோடாரியால் துண்டித்து, கடப்பாரையால் நெம்ப வேண்டும். முதல்நாள் மாலையில் நீர் ஊற்றி வைத்தால் மண் இளகும். கொய்யா, முருங்கை, இளம் ரம்புத்தான் போன்றவற்றுக்கு இது தக்க வழி. அகலமான கட்டைக்கு முயன்றால் முதுகுதான் போகும்.

மண்வாரி இயந்திரம் வேரோடும் தூரோடும் பெயர்த்துவிடும். புதிதாகக் கட்டடம் எழும்பப் போகும் இடத்துக்கு அதுவே ஏற்றது. மக்கக்கூடிய பொருள் எதுவும் மண்ணில் மிஞ்சாது. ஆனால் அது உள்ளே வர வழி வேண்டும், போன இடமெல்லாம் தரை நசுங்கும், பெரும்பள்ளம் மிஞ்சும். அந்தப் பள்ளத்தை அடுக்கடுக்காக மண்ணிட்டு இடித்துக் கெட்டிப்படுத்திய பிறகே மேலே கட்ட வேண்டும்.

மூன்றாவது, அடிக்கட்டை அரைக்கும் இயந்திரம். டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளால் செய்த பற்கள் பொருத்திய சக்கரம் ஒன்று இதில் வேகமாகச் சுழலும். அது இடமும் வலமுமாக அசைந்து கட்டையை மேலிருந்து சிறிது சிறிதாகச் சீவிச் சிராய்களாக்கிவிடும். பொதுவாகத் தரைக்குக் கீழே 15 முதல் 30 செண்டிமீட்டர் வரை அரைப்பார்கள். சிறிய வகை இயந்திரம் மூன்றடி அகலமுள்ள வாசல் வழியாகவும் நுழையும் என்பதால் வரிசை வீடுகளுக்கு இது வசதியானது. புல் போடவும் பூச்செடி வைக்கவும் இவ்வளவு ஆழம் போதும். ஆனால் இது கட்டையைத்தான் அரைக்கிறது. பரந்து கிடக்கும் வேர்களை எடுப்பதில்லை. அவை மண்ணில் இருந்து மெல்ல மக்கும். ஆகவே, மேலே தரையோ சுவரோ வரப்போகிறது என்றால் அரைப்பது மட்டும் போதாது. தென்னை, செம்பனை ஆகியவற்றின் தூர் வேறு வகை. அவற்றுக்குப் பருத்த வேர் கிடையாது. விரல் பருமனுள்ள எண்ணற்ற வேர்கள்தாம் உண்டு. தலையை வெட்டினால் அவை துளிர்ப்பதுமில்லை. ஆனால் அவற்றின் நார் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். ஆகவே என்ன மரம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அரைக்கும் வேளையில் கல்லும் சிராயும் துப்பாக்கிக் குண்டுபோலத் தெறிக்கும். பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். வாகனத்தை அப்புறப்படுத்துங்கள். கண்ணாடிக் கதவு பக்கத்தில் இருந்தால் பலகை வைத்து மறைக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். ஒரு நொடிக் கவனக்குறைவுக்குக் காலை விலையாகக் கேட்கும் கருவி அது.

செய்யக்கூடாதவை சிலவும் உள்ளன. கட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது பழைய பழக்கம். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் 1998இல் செய்த திருத்தத்தின்படி மலேசியாவில் திறந்தவெளியில் எரிப்பது குற்றம். மேலே நெருப்பு அணைந்தபின்பும் வேர்வழியே கனன்றுகொண்டிருந்து வேறோர் இடத்தில் தலைகாட்டும். கரிமண் நிலத்தில் இது பேராபத்து. பழைய இயந்திர எண்ணெய், மின்கலத் திராவகம், மூட்டை மூட்டையாக உப்பு ஆகியவற்றை ஊற்றுவதும் கொட்டுவதும் தவறு. கட்டை சாகிறதோ இல்லையோ, மண் செத்துவிடும்.

களைக்கொல்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் தோட்டங்களில் பழைய ரப்பர் மரங்களுக்கு ஆர்செனிக் நஞ்சைப் பூசிக் கொன்றார்கள். அந்தக் காலம் போய்விட்டது. பாராகுவாட்டும் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. மேலும் அது பச்சை இலையைக் கருக்குமேயன்றி வேருக்குப் போகாது. எங்காவது பழைய போத்தலில் மிச்சம் வைத்திருப்பவர்கள், குறிப்பாகக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்திருப்பவர்கள், அதை உடனே பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்து, வேளாண்மைத் துறையைக் கேட்டு முறைப்படி ஒப்படைக்க வேண்டும். துளிர்க்கும் கட்டைக்கென்று பதிவு பெற்ற மருந்துகள் உள்ளன. புதிதாக அறுத்த முகத்தில், பட்டையை அடுத்து உள்ளே இருக்கும் வளையத்தில் மட்டும், அறுத்த சில நிமிடங்களுக்குள் தூரிகையால் பூச வேண்டும். பக்கத்தில் அதே இன மரம் நின்றால் பூச வேண்டாம். இரண்டின் வேர்களும் மண்ணுக்குள் ஒட்டி ஒன்றாகியிருந்தால் நஞ்சு அதற்கும் போய்விடும்.

குத்தகையாளரிடம் பேசும்போது கேட்க வேண்டிய கேள்விகளை இப்போது சொல்கிறோம். பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை செண்டிமீட்டர் ஆழம் அரைப்பீர்கள்? தரைக்கு மேலே தெரியும் பக்க வேர்களும் இந்த விலையில் அடங்குமா? சிராய்களை அள்ளிச் செல்வது யார்? பள்ளத்துக்கு மண் போடுவது யார்? குழாய் உடைந்தால், கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு? உங்கள் தொழிலாளர்களுக்குக் காப்புறுதி உண்டா? விலை பெரும்பாலும் கட்டையின் குறுக்களவைக் கொண்டே சொல்லப்படும். அதைத் தரையை ஒட்டிய மிக அகலமான இடத்தில், வேர்ப் புடைப்பையும் சேர்த்து அளப்பது வழக்கம். நாம் மேலே அறுத்த முகத்தை அளந்துவிட்டு ஏமாற்றப்பட்டோம் என்று எண்ணக் கூடாது. நேரில் வந்து பார்க்காமல் விலை சொல்பவரை நம்ப வேண்டாம். மரத்தை வெட்டும் விலையையும் கட்டையை எடுக்கும் விலையையும் ஒரே தாளில், தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்தபின் குவியும் சிராயைக் கண்டு பலர் திகைப்பார்கள். 60 செண்டிமீட்டர் அகலக் கட்டையை 30 செண்டிமீட்டர் ஆழம் அரைத்தால், கெட்டி மரமாகவே சுமார் 85 லிட்டர் ஆகும். பொடியானால் இருமடங்குக்கு மேல் பெருகும். 20 லிட்டர் வாளியால் எட்டுப் பத்து வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பள்ளத்திலேயே தள்ளி மூடிவிட்டால் மக்கியபின் தரை இறங்கும். அது மக்கும் காலத்தில் மண்ணிலுள்ள தழைச்சத்தை ஈர்த்துக்கொள்வதால் மேலே போட்ட புல்லும் மஞ்சளாகும். ஆகவே சிராயை அள்ளிவிட்டு நல்ல மண்ணை இட்டுச் சற்று மேடாகவே விடுங்கள். நோயில்லாத மரத்தின் சிராயைச் செடிகளுக்கு மூடாக்காகப் போடலாம். வீட்டுச் சுவரை ஒட்டிக் குவிக்கலாகாது. கரையானுக்கு விருந்து வைத்ததாகிவிடும். நோயுற்ற மரத்தின் சிராயைத் தோட்டத்தில் பரப்பவே வேண்டாம். மீண்டும் மரம் நட விரும்பினால், பழைய இடத்திலிருந்து சில அடி தள்ளி, வேறு இனத்தை நடுவது நல்லது.

முனை வீட்டுக்காரர் பின்னர் தரையை உடைத்தார். தூரைத் தோண்டி எடுத்தார். மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்தி, கரையானுக்கு மருந்திட்டு, மீண்டும் தரை போட்டார். முதலில் கேட்ட பணத்தைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு செலவு. அடுத்த ஆண்டு அவருடைய தம்பி தம் வீட்டு ரம்புத்தான் மரத்தை வெட்ட எண்ணியபோது, அண்ணன் முதலில் கேட்டது, "தம்பி, தூருக்கு என்ன ஏற்பாடு?" என்பதுதானாம்.

நேயர்களே, நிழலும் கனியும் தந்த மரத்தை வெட்டுவது எளிதான முடிவன்று. வெட்டத்தான் வேண்டுமென்று ஆகிவிட்டால், அதன் கடைசிக் காரியத்தையும் ஒழுங்காகச் செய்துவிடுவோம். அளந்து பார்த்து, அனுமதி கேட்டு, குழாய் அறிந்து, விலை எழுதி வாங்கி, அதன்பிறகே வாளை எடுக்கச் சொல்வோம். மரம் வாழ்ந்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கன்றையும் நட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும்.